‘கவனிக்கவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? இக்னோர் முதல் ஸ்னப் வரை முழுமையான வழிகாட்டி

ஒருவர் தன் மேலதிகாரிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார்: “ஸாரி, ஐ இக்னோர்ட் யுவர் மெயில்.” அவர் சொல்ல நினைத்தது, ‘உங்கள் மெயிலைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும்’ என்பது. படித்தவருக்குக் கிடைத்த பொருளோ, ‘உங்கள் மெயிலைப் பார்த்தேன், பதில் போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்’ என்பது. மன்னிப்புக் கேட்கப் போய் வம்பை விலைக்கு வாங்கியதுதான் மிச்சம்.

மொழிபெயர்ப்புகளைத் திருத்தும்போது இந்தத் தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். காரணம் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது. நம்முடைய ‘கவனி’ மூன்று வேலை செய்கிறது. ‘பலகையைக் கவனித்தாயா’ என்றால் கண்ணில் பட்டதா என்ற கேள்வி. ‘நான் சொல்வதைக் கவனி’ என்றால் காதில் வாங்கிக்கொள் என்று பொருள். ‘அம்மாவைக் கவனித்துக்கொள்’ என்றால் பராமரி. (காசு கொடுத்து ‘கவனிப்பது’ நான்காவது வேலை, அது இங்கே வேண்டாம்.) ஆகவே ‘கவனிக்கவில்லை’ என்பதற்கும் மூன்று பொருள் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனி வினை: மிஸ், இக்னோர், நெக்லெக்ட். மற்ற வினைகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மூன்றாவதற்குப் போனால், சொல் சரியாகவும் பொருள் தவறாகவும் வந்து நிற்கும்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில், நீங்கள் சொல்ல விரும்பும் முழு வாக்கியம் வேண்டும். ‘புறக்கணி’ என்ற தனிச்சொல்லுக்கு ஆங்கிலம் தேடினால் பத்துச் சொற்கள் கிடைக்கும், பத்தும் சரிபோலத் தெரியும். யார், எதை, ஏன் என்பது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. ஆங்கில–தமிழ் அகராதியில் இக்னோர், நெக்லெக்ட், டிஸ்ரிகார்ட் மூன்றுக்கும் பெரும்பாலும் ‘அலட்சியம் செய்’ என்பதுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் காட்டுவது பொருள் விளக்கம் அல்ல, எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அவற்றைப் படியுங்கள்.

1. தெரிந்ததா, தெரியவில்லையா என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் முதல் கேள்வி. அந்தப் பொருள் கண்ணிலோ காதிலோ பட்டதா?

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. தெரியாமல் விட்டது மறதி. தெரிந்து விட்டது ஒரு செயல், அதற்கு நீங்கள் பொறுப்பு. ஆங்கில வினை இந்தப் பொறுப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘வேண்டுமென்றே’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையே இல்லை. சேர்த்தால் அழுத்தம் கூடும், அவ்வளவுதான்.

தமிழ் வாக்கியத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி: ‘கவனிக்காமல் போய்விட்டேன்’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் தெரியாமல் விட்டது, படி 2-க்குப் போங்கள். ‘கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்’ என்று மாற்றினால் பொருந்துகிறதா? தெரிந்தே விட்டது, படி 3.

2. கண்ணில் படவில்லை என்றால்: மிஸ், ஓவர்லுக்

பாதுகாப்பான சொல் மிஸ். “ஐ மிஸ்ட் யுவர் மெசேஜ்” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “ஐ டிடின்ட் நோட்டிஸ்” என்பதும் நல்லதே. மேலே சொன்ன மன்னிப்பு மெயிலில் இருந்திருக்க வேண்டியது இவற்றில் ஒன்று.

ஓவர்லுக் கொஞ்சம் கனமான சொல். பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கத் தவறினேன் என்று தன் பிழையை ஒப்புக்கொள்ளும் சொல் அது. கணக்கில் ஒரு வரி, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை, ஆய்வில் ஒரு சான்று விட்டுப்போனால் இது பொருந்தும். அலுவல் கடிதத்தில் மிஸ் என்பதைவிட மரியாதையாகவும் ஒலிக்கும்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, பிறர் குற்றத்தைப் பெரிதுபடுத்தாமல் விடுதல்: “ஷீ ஓவர்லுக்ட் ஹிஸ் மிஸ்டேக்” என்றால் அவள் அவன் தவற்றைப் பார்த்தும் மன்னித்து விட்டாள் என்றும் கொள்ளலாம், தவறே அவள் கண்ணில் படவில்லை என்றும் கொள்ளலாம். எது என்பதைச் சுற்றியுள்ள வாக்கியங்கள்தான் சொல்லும். சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றால் முதல் பொருளுக்கு ஃபர்கிவ் என்றும் இரண்டாவதற்கு மிஸ் என்றும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, உயரத்திலிருந்து ஓரிடத்தை நோக்கி அமைந்திருத்தல்: கடலை ஓவர்லுக் செய்யும் அறை என்றால் கடல் தெரியும் அறை. ‘கடலைப் புறக்கணிக்கும் அறை’ என்று ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பியதை நான் திருத்தியிருக்கிறேன்.

மேற்பார்வையிடு என்பதற்கு ஓவர்லுக் வராது. அதற்கு ஓவர்சீ. “ஹி ஓவர்லுக்ஸ் த ப்ராஜெக்ட்” என்று சுயவிவரக் குறிப்பில் எழுதினால், திட்டத்தைக் கோட்டை விடுபவர் என்று பொருளாகிவிடும்.

3. தெரிந்தே விட்டால்: முதலில் இக்னோர் வைத்துப் பாருங்கள்

பார்த்தும் பார்க்காததுபோல், கேட்டும் கேட்காததுபோல் இருப்பது இக்னோர். ஆள், பேச்சு, ஒலி, வலி, தொலைபேசி அழைப்பு, எச்சரிக்கை எதனோடும் சேரும். ஏன் விட்டார் என்பதை அது சொல்லாது. வெறுப்பாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், வேலை மும்முரமாக இருக்கலாம். அதனால்தான் இதை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இது போதும் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். ‘ஏன்’ என்பதையும் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் அடுத்த படிகள்.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம் அவாய்ட் என்ற சொல்லோடு. ‘அவன் என்னைத் தவிர்க்கிறான்’ என்றால் நான் வரும் வழியில் வராமல் சுற்றிப் போகிறான்: அவாய்ட். எதிரிலேயே நிற்கிறான், நான் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்: இக்னோர். அவாய்ட் செய்பவருக்கு உங்களைச் சந்திக்கக் கூடாது. இக்னோர் செய்பவருக்குச் சந்தித்தாலும் கவலையில்லை.

4. அது கவனிப்புத் தேவைப்படும் பொருளா என்று கேளுங்கள்: நெக்லெக்ட்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இக்னோரும் நெக்லெக்டும் ஒன்றுதானே என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

நெக்லெக்ட் என்பது கவனத்தைப் பற்றியதல்ல, பராமரிப்பைப் பற்றியது. பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. எனவே செயப்படுபொருளைப் பாருங்கள். குழந்தை, உடல்நலம், படிப்பு, வீடு, தோட்டம், கடமை போல யாராவது பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக அது இருந்தால் நெக்லெக்ட் பொருந்தும். சத்தம், வதந்தி, கிண்டல் போன்றவற்றை யாரும் பராமரிப்பதில்லை, அங்கே நெக்லெக்ட் வராது.

ஒரே ஆளை வைத்து வேறுபாட்டைப் பாருங்கள். “ஹி இக்னோர்ட் ஹிஸ் பேரன்ட்ஸ்” என்றால் பெற்றோர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாலைப்பொழுதில் நடந்து முடிந்திருக்கலாம். “ஹி நெக்லெக்டெட் ஹிஸ் பேரன்ட்ஸ்” என்றால் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளாமல் கைவிட்டான். இது ஒரு நாளில் நடப்பதல்ல. முதலாவது மரியாதைக் குறைவு, இரண்டாவது குற்றச்சாட்டு.

பல் வலியை இக்னோர் செய்யலாம், பற்களை நெக்லெக்ட் செய்யலாம். பற்களை நெக்லெக்ட் செய்தவருக்குத்தான் பிறகு வலியை இக்னோர் செய்ய வேண்டிய நிலை வரும். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

நெக்லெக்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யத் தவறுதல். அப்போது பின்னால் ‘டு’ சேர்த்து வினை வரும். “ஷீ நெக்லெக்டெட் டு லாக் த டோர்”: கதவைப் பூட்டாமல் விட்டுவிட்டாள். மறதியா அசட்டையா என்று இது பிரித்துச் சொல்வதில்லை. தெரியாமல் விட்டது, தெரிந்து விட்டது என்று படி 1-இல் பிரித்தோமே, அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் சொல் இது.

விதிவிலக்கு ஒன்று: இயற்பியல் கணக்குகளில் காற்றின் தடையை ‘நெக்லெக்ட்’ செய்யச் சொல்வார்கள். அங்கே யாரும் பராமரிப்பைக் கைவிடவில்லை. அளவு மிகச் சிறியது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பொருள். அங்கே இக்னோரும் செல்லும்.

5. விதி, அறிவுரை, அறிவிப்பு என்றால்: டிஸ்ரிகார்ட்

பொருட்படுத்த வேண்டிய ஒன்றைப் பொருட்படுத்தாமல் விடுவது டிஸ்ரிகார்ட். விதிகள், அறிவுரை, பாதுகாப்பு, சான்று, பிறர் உணர்வு ஆகியவற்றோடு சேரும். ஆளோடு அவ்வளவாகச் சேராது. ‘அவர் என்னை டிஸ்ரிகார்ட் செய்தார்’ என்பது காதில் உறுத்தும், அங்கே இக்னோர் போதும்.

இக்னோரைவிட இது முறையான நடை. பணம் கட்டச் சொல்லும் நினைவூட்டலின் அடியில், ‘ஏற்கெனவே கட்டியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்ற வரியில் இந்தச் சொல்தான் இருக்கும். ஜூரி முறை உள்ள நீதிமன்றத்தில், சாட்சி சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டால், ஜூரர்களிடம் அதை டிஸ்ரிகார்ட் செய்யும்படி நீதிபதி கூறுவார். காதில் விழுந்துவிட்டது, ஆனால் முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்காதீர்கள் என்பது அதன் பொருள். தவறாக அனுப்பிய மெயிலுக்கு, நண்பரிடம் “ப்ளீஸ் இக்னோர் மை லாஸ்ட் மெயில்” என்றும் வாடிக்கையாளரிடம் டிஸ்ரிகார்ட் போட்டும் எழுதலாம்.

‘பொருட்படுத்தாமல்’ என்று தமிழில் வரும் இடமெல்லாம் வினையைத் தேடாதீர்கள். ‘மழையையும் பொருட்படுத்தாமல் கூட்டம் திரண்டது’ என்பதற்கு “இன் ஸ்பைட் ஆஃப் த ரெயின்” போதும். ‘வயது வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல்’ என்றால் “ரிகார்ட்லெஸ் ஆஃப் ஏஜ்”. மழையை ‘இக்னோர்’ செய்த கூட்டம் இலக்கணப்படி சரிதான், ஆனால் எல்லோரும் வானத்தோடு கோபித்துக்கொண்டதுபோல் இருக்கிறது.

எச்சரிக்கைக்கும் அறிவுரைக்கும் ஹீட் என்றொரு சொல் உண்டு. செவிசாய்த்தல் என்று பொருள். அதன் எதிர்மறை வடிவம் அன்ஹீடட். ‘எச்சரிக்கைகள் செவிடன் காதில் ஊதிய சங்காயின’ என்று எழுதத் தோன்றும் இடத்தில், “த வார்னிங்ஸ் வென்ட் அன்ஹீடட்” அல்லது “ஃபெல் ஆன் டெஃப் இயர்ஸ்” என்பது பொருத்தமாக உட்காரும். சங்கை மொழிபெயர்க்க வேண்டாம்.

6. எடைபோட்டுப் பார்த்துத் தள்ளினால்: டிஸ்மிஸ், டிஸ்கவுண்ட்

இக்னோர் செய்பவர் பதிலே சொல்வதில்லை. டிஸ்மிஸ் செய்பவர் ஒரு நொடியாவது யோசித்து, ‘இதில் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்புச் சொல்கிறார். அதனால்தான் டிஸ்மிஸோடு ‘அஸ்’ சேர்ந்து காரணம் வரும்: “ஹி டிஸ்மிஸ்ட் இட் அஸ் அ ரூமர்”, வெறும் வதந்தி என்று தள்ளினார். இக்னோரோடு இப்படிச் சேர்க்க முடியாது.

வேலையிலிருந்து நீக்குவது, வழக்கைத் தள்ளுபடி செய்வது, கிரிக்கெட்டில் மட்டையாளரை வெளியேற்றுவது எல்லாம் இதே டிஸ்மிஸ்தான். ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால் முதலில் வேலை நீக்கம்தான் நினைவுக்கு வரும், எச்சரிக்கையாக இருங்கள்.

டிஸ்கவுண்ட் இதைவிட மென்மையானது: ஒரு வாய்ப்பையோ கருத்தையோ முக்கியமில்லை என்று கழித்துவிடுதல். விலைக் கழிவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஷ்ரக் ஆஃப் என்றால் தோளைக் குலுக்கி உதறுவது. தோல்வி, விமர்சனம், சிறு காயம் என்று தன்னைத் தாக்கிய ஒன்றுக்கு இது வரும். பிரஷ் அசைட் என்றால் தூசி தட்டுவதுபோல் ஒதுக்குவது. பிறர் எழுப்பிய கேள்வி, ஆட்சேபம் ஆகியவற்றுக்கு இது. முன்னதில் பாராட்டும் கலந்திருக்கலாம், பின்னதில் பெரும்பாலும் குறைதான்.

7. ஆளை அவமதிக்கும் நோக்கம் இருந்தால்

ஸ்னப் என்பது முகத்தில் அடித்தாற்போல் ஒதுக்குவது. கை நீட்டியும் கொடுக்காமல் போவது, எல்லோரையும் அழைத்துவிட்டு ஒருவரை மட்டும் விடுவது. அவமதிக்கும் நோக்கம் சொல்லிலேயே இருப்பதால், எப்படி அவமதித்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரஷ் ஆஃப் என்றால் ஏதோ கேட்டு வந்தவரை இரண்டு சொல்லில் தட்டிக்கழித்து அனுப்புவது. பிளாங்க் பிரிட்டிஷ் பேச்சுவழக்கு: எதிரே வந்தும் அடையாளம் தெரியாதவர்போல் கடந்து போவது. கோஸ்ட் புதுவரவு: பழகிக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லும் இல்லாமல் தொடர்பை நிறுத்திவிடுவது. ஒரே ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் வராததைக் கோஸ்ட் என்று சொல்லக் கூடாது. அடியோடு மறைந்தால்தான் அது.

தேர்தலையோ ஒரு நிறுவனத்தின் பொருளையோ எதிர்ப்புக்காகப் புறக்கணிப்பது பாய்காட். 1880-இல் அயர்லாந்தில் குத்தகையாளர்கள் ஒன்றுசேர்ந்து ஒதுக்கிவைத்த நில முகவர் சார்லஸ் பாய்காட்டின் பெயரே வினையாகிவிட்டது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘என் தம்பி என்னைப் புறக்கணிக்கிறான்’ என்பதற்கு பாய்காட் எழுதினால், தம்பி கொடி பிடித்து நிற்பதுபோல் இருக்கும்.

8. கண்டும் காணாமல் விட்டால்

தவறு நடப்பது தெரியும், தடுக்கும் அதிகாரமும் இருக்கிறது, ஆனாலும் தடுக்கவில்லை. இதற்கு “டர்ன் எ பிளைண்ட் ஐ”. எதைக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சொல்வதானால் பின்னால் ‘டு’ கட்டாயம். அதிகாரமில்லாத சாதாரண ஆள் பார்க்காததுபோல் போனால் இக்னோர் போதும். விரும்பத்தகாத பகுதியைப் பேச்சிலோ எழுத்திலோ மேலோட்டமாகச் சொல்லி நகர்ந்துவிடுவது கிளாஸ் ஓவர். அறிக்கைகளைப் பற்றி எழுதும்போது இது அடிக்கடி கைகொடுக்கும்.

9. சொல்லை வைத்தபின் இலக்கணத்தைச் சரிபாருங்கள்

இதைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். வினை மாறினால் அதன் வாலும் மாறும், முதலிலேயே திருத்தினால் இரட்டை வேலை.

இக்னோர், நெக்லெக்ட், டிஸ்ரிகார்ட், ஓவர்லுக் நான்கும் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். “இக்னோர்ட் டு மீ”, “இக்னோர்ட் அபவுட் இட்” எல்லாம் தவறு. “பே நோ அட்டென்ஷன்” என்பதற்கு மட்டும் ‘டு’ வேண்டும், “டேக் நோ நோட்டிஸ்” என்பதற்கு ‘ஆஃப்’ வேண்டும். இந்த இரண்டின் பழக்கத்தில்தான் இக்னோருக்கும் ‘டு’ ஒட்டிக்கொள்கிறது.

“இக்னோர்ட் டு லாக்” கிடையாது. செய்யாமல் விட்ட செயலுக்கு நெக்லெக்ட் மட்டும். ‘அவன் தாமதமாக வந்தான் என்பதை’ போன்ற முழு வாக்கியத்தை இக்னோருக்குச் செயப்படுபொருளாக்க வேண்டுமானால் நடுவில் “த ஃபேக்ட் தட்” சேருங்கள்.

பிரஷ் ஆஃப், பிரஷ் அசைட், ஷ்ரக் ஆஃப் ஆகியவற்றில் ‘இட்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயர் நடுவில் வரும்: “ஷ்ரக்ட் இட் ஆஃப்”. கிளாஸ் ஓவர் மட்டும் பிரியாது: “கிளாஸ்ட் ஓவர் இட்”.

10. பெயர்ச்சொல்லாக்கும்போது வரும் பள்ளம்

இக்னோர் செய்வதற்குப் பெயர்ச்சொல் இக்னரன்ஸ் அல்ல. இக்னரன்ஸ் என்றால் அறியாமை. லத்தீன் மூலத்துக்கே ‘அறியாதிரு’ என்றுதான் பொருள், பெயர்ச்சொல் அங்கேயே நின்றுவிட்டது, வினை மட்டும் நகர்ந்து வந்துவிட்டது. ‘உங்கள் பாராமுகம் என்னைப் புண்படுத்தியது’ என்று எழுத நினைத்து “யுவர் இக்னரன்ஸ் ஹர்ட் மீ” என்று எழுதினால், ‘உன் மடமை என்னைப் புண்படுத்தியது’ என்றாகிவிடும். “பீயிங் இக்னோர்ட் ஹர்ட் மீ” என்று வினையாகவே விடுங்கள்.

நெக்லெக்ட் பெயர்ச்சொல்லாகவும் அப்படியே வரும், பராமரிப்பின்மை என்ற பொருளில். நெக்லிஜென்ஸ் என்பது எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காத குற்றம், சட்டத்தில் வழக்குத் தொடரும் அளவுக்குக் கனமானது. நெக்லிஜிபிள் இரண்டோடும் சேராது. கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது என்று மட்டும் பொருள். ‘அலட்சியமான ஊழியர்’ என்பதற்கு நெக்லிஜிபிள் என்று எழுதி, ஊழியரையே இல்லாமல் ஆக்கியவர்கள் உண்டு.

ஓவர்லுக்கின் பெயர்ச்சொல் ஓவர்சைட். கவனப்பிசகு என்று பொருள், ஆனால் மேற்பார்வை என்றும் பொருள் உண்டு. முன்னால் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அன்’, அல்லது பின்னால் ‘எங்கள் தரப்பில்’ என்று பொருள்படும் ‘ஆன் அவர் பார்ட்’ போன்றவை சேர்ந்து, ஒருமையில் வந்தால் பெரும்பாலும் பிசகு. ‘ஓவர்சைட் கமிட்டி’ என்றால் மேற்பார்வைக் குழு.

11. ஒரே வாக்கியத்தை வைத்துப் பழகுங்கள்

‘டாக்டர் சொன்னதை அவர் கவனிக்கவில்லை.’ இதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சூழலாக மாற்றுங்கள்.

அறையில் சத்தம், காதில் விழவில்லை: மிஸ். கேட்டது, ஆனால் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டார்: இக்னோர். மருத்துவர் வகுத்த உணவுக் கட்டுப்பாட்டை மீறினார் என்று அறிக்கையில் எழுத வேண்டும்: டிஸ்ரிகார்ட். ‘இந்த டாக்டருக்கு என்ன தெரியும்’ என்று தள்ளினார்: டிஸ்மிஸ். மாதக்கணக்கில் மருந்தும் இல்லை, பரிசோதனையும் இல்லை: இங்கே செயப்படுபொருளே மாறவேண்டும். அவர் நெக்லெக்ட் செய்தது டாக்டரின் பேச்சை அல்ல, தன் உடல்நலத்தை.

கடைசி வரியில் செயப்படுபொருளை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தோன்றியிருந்தால் படி 4 பிடிபட்டுவிட்டது. தோன்றவில்லை என்றால் அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போய், பல்லையும் பல்வலியையும் இன்னொரு முறை பாருங்கள்.